அம்மா லோயரிடம் சொன்னது

மூன்று நிமிடம் பன்னிரண்டு விநாடி. வானொலியில் ஒரு பாட்டு ஓடுகிற நேரம்கூட இல்லை. அவ்வளவு நீளமான ஒரு குரல் பதிவுதான் கடந்த ஆண்டு எங்கள் குடும்பத்துக்குப் பதினைந்தாயிரம் ரிங்கிட் நஷ்டத்தைக் கொண்டுவந்தது. பணத்தைவிட பெரிய ஒன்றையும் அது எடுத்துக்கொண்டு போனது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பிறையில் எங்களுக்கு ஒரு தரைவீடு இருந்தது. அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து வாங்கியது. கிராண்டில் இருவர் பெயரும் உண்டு, ஆளுக்குப் பாதி. அப்பா தவறிய பிறகு அந்தப் பாதியை வாங்கிக்கொள்ள பெரியப்பா வீட்டில் கேட்டார்கள். நானும் தம்பியும் எங்கள் பங்கை அம்மாவுக்கே விட்டுக்கொடுத்துவிட்டோம். விலைதான் பேச்சு. சண்டை என்று சொல்ல முடியாது. தீபாவளிக்கு முறுக்கு போய்வந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் பணம் என்று வந்துவிட்டால் இரண்டு பக்கமும் ஒரு வழக்கறிஞர் இருப்பது நல்லது என்று நான்தான் சொன்னேன். வழக்கறிஞரையும் நான்தான் பிடித்துக் கொடுத்தேன். பெயர் வேண்டாம். நல்ல மனிதர்தான்.

அம்மாவுக்கு முட்டிவலி. பிறையிலிருந்து பேருந்து பிடித்து, பினாங்கு சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு வண்டி ஏறி வழக்கறிஞர் அலுவலகம் போய்வருவதற்குள் அரை நாள் போய்விடும். "எதுக்கும்மா அலையறீங்க? வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புங்க, அவரு நேரம் கிடைக்கும்போது கேட்டுக்குவாரு" என்று குரல் பதிவு செய்யக் கற்றுக்கொடுத்ததும் நானேதான். ஒலிவாங்கி படத்தை அழுத்திப் பிடி, பேசு, விரலை எடு. அறுபத்தாறு வயதில் அம்மா அதை இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார். ரேடியோக்காரி பெற்ற அம்மா அல்லவா என்று கேலிகூட செய்தேன்.

அந்த அலுவலகத்தில் எங்களுக்காக ஒரு புலனக் குழு இருந்தது. அதில் அம்மா, வழக்கறிஞர், அலுவலகக் கிராணிப் பெண் மூன்று பேர். சந்திப்புத் தேதிகளை முடிவு செய்ய இரண்டாவது குழு ஒன்று. அதில் இரண்டு பக்க வழக்கறிஞர்களும் பெரியப்பாவும் அவர் மகனும் அம்மாவும் இருந்தார்கள். இரண்டு குழுக்களின் பெயரும் 'பிறை வீடு' என்றுதான் தொடங்கும்.

செப்டம்பரில் ஒரு புதன்கிழமை காலை அம்மா முதல் குழுவில் பேசி அனுப்பியிருக்கிறார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "சார், வணக்கம் சார்" என்று தொடங்கி, மனதில் இருந்ததையெல்லாம் கொட்டியிருக்கிறார். நூற்று ஐம்பதாயிரம் கேட்கிறோம், அவர்கள் 135,000 வரைக்கும் வந்திருக்கிறார்கள், ரொம்ப இழுக்க வேண்டாம், எனக்கு 120,000 கிடைத்தால்கூட போதும், ஏனென்றால் என் வீட்டுக்காரர் கடைசிக் காலத்தில் வட்டிக்காரனிடம் வாங்கிய கடன் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, அது அவருடைய அண்ணனுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது, தம்பியை அவர் கடவுள் மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறார்.

வழக்கறிஞர் அப்போது நீதிமன்றத்தில். அவசரம் என்று நினைத்து அந்தப் பெண் அதை அவருடைய தனி எண்ணுக்குத் தள்ளிவிடப் பார்த்தார். விரல் ஒரு வரி கீழே பட்டுவிட்டது. அம்மா பேசியது இரண்டாவது குழுவுக்குப் போய்விட்டது.

தன் குரல் தனக்கே திரும்பி வந்திருப்பதைப் பார்த்த அம்மா, போன் கெட்டுவிட்டது என்று நினைத்து என்னை அழைத்தார். நான் நேரலையில் இருந்தேன். எடுக்கவில்லை. நிகழ்ச்சி முடிந்து திரும்ப அழைத்தபோது அங்கே 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று ஒரு வரி மட்டும் இருந்தது. பதினொரு நிமிடம் கழித்து நீக்கியிருக்கிறார்கள்.

ஒலிபரப்பான சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது என்பது எங்கள் தொழிலில் முதல் நாள் சொல்லித்தரும் பாடம். பதினொரு நிமிடம் என்பது எங்கள் கணக்கில் ஒரு யுகம்.

அன்று மதியமே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எங்கள் வழக்கறிஞரை அழைத்தார். "உங்கள் கட்சிக்காரரின் குரல் பதிவு ஒன்று தவறி வந்திருக்கிறது. யார் பேசுவது என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டேன், கேட்கவில்லை, பயன்படுத்தவும் மாட்டேன்" என்றாராம். இதை நான் பிறகு கேள்விப்பட்டபோது அவரை எழுந்து நின்று வணங்கத் தோன்றியது. அவர் கேட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவரால் செய்யக்கூடியதும் அவ்வளவுதான். தன் கட்சிக்காரரின் காதைப் பொத்த அவரால் முடியுமா? அடுத்த வாரம் பெரியப்பா வீட்டிலிருந்து வந்த விலை சரியாக 120,000. ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அம்மா என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "லோயர்கிட்ட சொன்னது லோயர்கிட்டதானே பாப்பா இருக்கணும்?"

அம்மாவுக்குச் சட்டம் தெரியாது. ஆனால் அவர் கேட்டது அப்படியே சட்டத்தில் இருக்கிறது. 1950-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், பிரிவு 126. கட்சிக்காரர் தன் வழக்கறிஞரிடம் சொன்னதை, அவருடைய வெளிப்படையான சம்மதம் இல்லாமல், வழக்கறிஞர் எந்தக் காலத்திலும் வெளியிடக்கூடாது. குற்றம் செய்வதற்காக ஆலோசனை கேட்டால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. மற்றபடி, வழக்கு முடிந்த பிறகும் அந்தக் கடமை முடிவதில்லை. அடுத்த பிரிவான 127 இன்னும் சுவாரசியம். மொழிபெயர்ப்பாளர், வழக்கறிஞரின் கிராணி, பணியாள் எல்லாருக்கும் இதே கட்டுப்பாடு உண்டு என்கிறது அது.

இந்த வாசகங்கள் நம் ஊருக்குப் புதியவை அல்ல. ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் என்ற ஆங்கிலேயர் 1872-இல் இந்தியாவுக்காக எழுதிய சாட்சியச் சட்டத்தின் பேரப்பிள்ளைதான் நம்முடைய சட்டம். 1893-இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கு அது வந்தது. பினாங்கும், அதன் மறுகரையில் அன்று வெல்லெஸ்லி மாகாணம் எனப்பட்ட நம் பிறை வட்டாரமும் அதில் அடக்கம். எழுத்தரின் கையில் இறகுப் பேனாவும் மைக்கூடும் இருந்த காலத்திலேயே, ரகசியம் கசிவது பெரும்பாலும் வழக்கறிஞரின் வாயிலிருந்து அல்ல, அவருடைய அலுவலகத்திலிருந்துதான் என்று யோசித்திருக்கிறார்கள். இன்று அந்தக் கிராணியின் கையில் இருப்பது கைப்பேசி.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு, நிகழ்ச்சிக்கு வரும் வழக்கறிஞர்களை ஒலிவாங்கியை அணைத்துவிட்டுக் கேட்கத் தொடங்கினேன். உங்கள் கட்சிக்காரர்களின் ரகசியம் எங்கே இருக்கிறது?

சிரித்தார்கள். பிறகு யோசித்தார்கள். அவர்கள் சொன்ன பதில்களைக் கோத்துப் பார்த்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. அடையாள அட்டைப் படம், மருத்துவ அறிக்கை, விவாகரத்துக்கு வந்த பெண் உடம்பிலிருந்த காயங்களை எடுத்து அனுப்பிய படம் எல்லாமே வழக்கறிஞரின் சொந்தக் கைப்பேசியில், அவருடைய பிள்ளைகளின் பிறந்தநாள் படங்களோடு கலந்து கிடக்கிறது. அதே போனை வீட்டில் மகன் விளையாட வாங்கிக்கொள்கிறான். படங்கள் தானாகவே மேகச் சேமிப்பில் ஏறிக்கொள்கின்றன. பட்டர்வொர்த்தில் தொழில் செய்யும் ஒருவர் மட்டும் இரண்டு கைப்பேசி வைத்திருந்தார். ஒன்று வீட்டுக்கு வந்தால் மேசை அறைக்குள் போய்விடும். "இதுவும் ஒரு பழக்கம்தான். கட்சிக்காரரைப் பற்றி லிஃப்டில் பேசக்கூடாது என்று என் சீனியர் சொல்லிக்கொடுத்தார். போன்தான் இப்போதைய லிஃப்ட்" என்றார்.

இன்னொருவர் சொன்னது வேறு மாதிரி. வீடு வாங்கும் விற்கும் வேலையில் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல்தான் உயிர்நாடி. முன்பணம், மீதிப் பணம் எல்லாம் எந்த வங்கிக் கணக்கில் போட வேண்டும் என்று அதில்தான் போகிறது. மோசடிக்காரன் அந்த மின்னஞ்சல் பெட்டிக்குள் புகுந்து சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பான். பணம் கைமாறும் நாளில், வழக்கறிஞர் எழுதியது போலவே ஒரு கடிதம், கணக்கு எண் மட்டும் வேறு. உலகம் முழுக்க நடக்கிற மோசடி இது. வாசகர்கள் யாராவது இப்போது வீடு வாங்கிக்கொண்டிருந்தால் ஒன்று செய்யுங்கள். கணக்கு எண் மாறியிருக்கிறது என்று கடிதம் வந்தால், அந்தக் கடிதத்தில் இருக்கும் எண்ணுக்கு அல்ல, உங்களிடம் முன்பே இருக்கும் அலுவலக எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். இரண்டு நிமிட வேலை.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வழக்கறிஞர் அலுவலகங்களுக்கும் பொருந்தும். 2024-இல் அது திருத்தப்பட்டது. 2025 ஜூன் 1 முதல், பெரிய பாதிப்பை உண்டாக்கக்கூடிய தரவுக் கசிவு நடந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கும் சொல்ல வேண்டும். சட்டத்தை மீறினால் அபராதம் பத்து லட்சம் ரிங்கிட் வரைக்கும் போகலாம். எங்கள் விவகாரம் நடந்தபோது இந்த விதி வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அம்மாவின் மூன்று நிமிடம் 'பெரிய பாதிப்பு' என்ற சொல்லுக்குள் அடங்குமா என்று வழக்கறிஞர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். அடங்கும் என்று நான் சொல்வேன். நான் மகள், நடுநிலையாக இருக்க முடியாது.

கசிவு ஒரு பக்கம் இருக்கட்டும். இளம் வழக்கறிஞர்கள் என்னிடம் அதிகம் பேசியது இன்னொன்றைப் பற்றி. சாட்ஜிபிடி.

"அக்கா, எல்லாரும் பயன்படுத்துறோம். யாரும் வெளியே சொல்றதில்லை" என்றாள் ஒரு தங்கை. தொழிலுக்கு வந்து இரண்டு வருடம். மாலை ஆறு மணிக்கு சீனியர் ஒரு கோப்பைக் கொடுத்து காலை ஒன்பதுக்கு வாதுரை வேண்டும் என்கிறார். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நாற்பது விநாடியில் அழகான ஆங்கிலத்தில் வந்து விழுகிறது, முன்தீர்ப்புகளோடு. அந்த முன்தீர்ப்புகள் உண்மையிலேயே இருக்கின்றனவா என்பதுதான் பிரச்சினை.

நியூயார்க்கில் நடந்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். ராபர்ட்டோ மாட்டா என்பவர், விமானத்தில் உணவு வண்டி முட்டியில் இடித்துவிட்டது என்று அவியான்கா விமான நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார். அவருடைய வழக்கறிஞர் தாக்கல் செய்த மனுவில் முன்தீர்ப்புகள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்று 'வர்கீஸ் எதிர் சைனா சதர்ன் ஏர்லைன்ஸ்'. எதிர்த்தரப்பு தேடியது, கிடைக்கவில்லை. நீதிபதி தேடினார், கிடைக்கவில்லை. அப்படியொரு வர்கீஸ் பிறக்கவே இல்லை. சாட்ஜிபிடி பெற்றுப்போட்ட பிள்ளை அவர். இதில் எனக்குப் பிடித்த இடம் என்னவென்றால், அந்த வழக்கறிஞர் சந்தேகப்பட்டு, இது உண்மையான வழக்கா என்று கேட்டிருக்கிறார். யாரிடம்? சாட்ஜிபிடியிடமே. ஆமாம், உண்மைதான் என்று அது சொல்லியிருக்கிறது. 2023 ஜூனில் நீதிபதி கெவின் காஸ்டல் 5,000 டாலர் அபராதம் விதித்தார்.

அமெரிக்கா தூரம் என்று நினைத்தால், 2024 டிசம்பரில் பெங்களூரில் உள்ள வருமானவரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஓர் உத்தரவு போட்டது. அதில் காட்டப்பட்ட முன்தீர்ப்புகளில் சில எந்தச் சட்டத் தொகுப்பிலும் இல்லை. சென்னை உயர்நீதிமன்றத்தின் பெயரில் வந்த ஒன்று 'ருக்மணி அம்மாள் எதிர் பாலகிருஷ்ணன்'. படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பாட்டி பேரே ருக்மணி அம்மாள்தான் என்று சொல்லக்கூடிய குடும்பங்கள் இங்கே பிறையில் எத்தனை இருக்கும்! அவ்வளவு நம்பும்படியாகப் பொய்க்குப் பெயர் வைத்திருக்கிறது இயந்திரம். அந்த உத்தரவைத் தீர்ப்பாயம் பிறகு திரும்பப் பெற்றது. இங்கே தவறு நடந்தது வழக்கறிஞரின் மனுவோடு நிற்கவில்லை, தீர்ப்பு சொல்லும் தாள் வரைக்கும் போய்விட்டது.

லண்டனில் 2025 ஜூனில் நீதிபதி விக்டோரியா ஷார்ப் முன் வந்த ஒரு வழக்கில் காட்டப்பட்ட 45 மேற்கோள்களில் 18 இல்லாத வழக்குகள். அதில் வேடிக்கை என்னவென்றால் அவற்றைத் தேடியவர் வழக்கறிஞர் இல்லை, கட்சிக்காரர். அவர் செயற்கை நுண்ணறிவில் தேடிக் கொடுத்ததை வழக்கறிஞர் சரிபார்க்காமல் வாங்கி வைத்துக்கொண்டார். பக்கத்து வீடான சிங்கப்பூரிலும் 2025-இல் உயர்நீதிமன்றம், இல்லாத ஒரு வழக்கைக் காட்டிய வழக்கறிஞரை 800 வெள்ளி எதிர்த்தரப்புக்குத் தன் கையிலிருந்து கட்டச் சொன்னது. வரைவை எழுதியவர் இளையவர். கையெழுத்து மூத்தவருடையது. பொறுப்பு கையெழுத்துக்குத்தான்.

எண்ணூறு வெள்ளி பெரிய தொகையா என்று அந்தத் தங்கையிடம் கேட்டேன். "பணம் இல்லக்கா. நாளைக்கு நான் நீதிபதி முன்னாடி எழுந்து நின்னா, நான் சொல்றது நிஜமான்னு அவரு ஒரு செகண்ட் யோசிப்பாரு இல்ல? அந்த ஒரு செகண்ட்" என்றாள். நீதிமன்றத்தை ஏமாற்றக்கூடாது என்பது மலேசிய வழக்கறிஞர்களுக்கான 1978-ஆம் ஆண்டு ஒழுக்க விதிகளிலேயே இருக்கிறது. தெரியாமல் ஏமாற்றினால் என்ன செய்வது என்பதுதான் இப்போது வந்திருக்கும் தலைவலி.

இயந்திரத்திடம் கேட்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு, அதை நானே செய்து பார்த்தவள். எதிர்த்தரப்பிலிருந்து வந்த ஆங்கிலக் கடிதத்தையும், எங்கள் வழக்கறிஞர் அம்மாவுக்கு எழுதிய ஆலோசனைக் கடிதத்தையும் அப்படியே படமெடுத்து இலவச செயலி ஒன்றில் போட்டு, 'எளிய தமிழில் சொல்' என்று கேட்டேன். அழகாகச் சொன்னது. அந்தக் கடிதத்தில் இருந்த பெயர், வீட்டு எண், தொகை எல்லாம் எங்கோ ஒரு நிறுவனத்தின் கணினிக்குப் போய்ச் சேர்ந்தது அப்போது எனக்கு உறைக்கவில்லை. கிராணிப் பெண்ணின் விரல் வழுக்கியதற்குக் கோபப்பட்ட நான், வேண்டுமென்றே அதைவிடப் பெரிய கதவைத் திறந்து வைத்திருந்தேன். அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2024 ஜூலையில் இதைப் பற்றித் தனியாகவே ஒரு கருத்துரை வெளியிட்டது. கட்சிக்காரரின் விவரத்தை இப்படிப்பட்ட கருவியில் போடுவதற்கு முன் அவருக்கு விளக்கிச் சம்மதம் வாங்க வேண்டிய நிலை வரும் என்கிறது அது. கட்சிக்காரரே போட்டால் யார் சம்மதம் வாங்குவது?

நம் நாடு இந்த விஷயத்தில் பின்தங்கியிருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. 2020 பிப்ரவரியிலேயே கோத்தா கினபாலு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தண்டனையைப் பரிந்துரைக்க செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தினார்கள். 2014 முதல் 2019 வரை சபா, சரவாக்கில் நடந்த வழக்குகளைப் படித்துவிட்டு அது ஓர் அளவு சொல்லும். முடிவு மாஜிஸ்திரேட்டுடையது. தற்காப்பு வழக்கறிஞர் எதிர்ப்புத் தெரிவித்தார். ஓர் இயந்திரம் எப்படிக் கணக்குப் போட்டது என்று தெரியாமல் அதை எதிர்த்து வாதாடுவது எப்படி? சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். கணினியைக் கூண்டில் ஏற்ற முடியுமா? அதே ஆண்டு நோய்த்தொற்று வந்து, சட்டத்தைத் திருத்தி, இணையவழி விசாரணைக்கும் வழி செய்தார்கள். பினாங்கு வழக்கறிஞர்கள் கோலாலம்பூருக்கு ஓடுவது குறைந்தது, கட்சிக்காரருக்கும் செலவு மிச்சம். கெட்டதை மட்டும் எழுதினால் நியாயமில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

குரல் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு பழைய ஞாபகம். 2007-இல் நான் எஸ்.பி.எம். எழுதுகிற ஆண்டு. வி.கே. லிங்கம் என்ற பிரபல வழக்கறிஞர் தொலைபேசியில் பேசுகிற காணொளி ஒன்று செப்டம்பரில் வெளியானது. 2001-இல் ஒரு சிறிய டிஜிட்டல் கேமராவில் எடுத்தது. நீதிபதிகளின் நியமனத்தைப் பற்றிய பேச்சு. "கரெக்ட், கரெக்ட், கரெக்ட்" என்று அவர் சொன்னது எங்கள் வகுப்பில் ஒரு மாதம் ஓடியது. ஆசிரியர் வருகைப் பதிவு எடுத்தால்கூட 'கரெக்ட், கரெக்ட்' என்போம். ஆயிரக்கணக்கான வழக்கறிஞர்கள் புத்ராஜெயாவில் நடைப்பயணம் போனார்கள். அரச விசாரணை ஆணையம் அமைந்தது. அங்கே அவர், பார்க்க என்னைப் போல இருக்கிறது, குரலும் என்னைப் போல இருக்கிறது என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார். நாடே சிரித்தது. காணொளி உண்மையானது என்று ஆணையம் முடிவு செய்தது. 2015-இல் வழக்கறிஞர் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது.

இன்று அதே பதிலை ஒருவர் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டோம். என் குரல் வானொலியில் பல ஆண்டுகளாகக் காற்றில் கிடக்கிறது. அதை எடுத்து, நான் பேசாததைப் பேசவைக்க ஒரு மாணவனுக்கு அரை மணி நேரம் போதும். ஆக, இப்போது ஒரு வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் ஒரு குரல் பதிவைக் கொண்டுவந்து, 'கேளுங்க சார், என் புருஷன் என்னை மிரட்டியது' என்றால், அவர் என்ன செய்ய வேண்டும்? நம்பித் தாக்கல் செய்தால் பொய்ச் சான்றுக்குத் துணைபோனவர் ஆகலாம். சந்தேகப்பட்டால், அடிபட்டு வந்த பெண்ணை இன்னொரு முறை அடித்தது போல. மறுபக்கம் உண்மையான பதிவை எதிர்த்து, 'இது கணினி செய்தது' என்று சொல்லச் சொல்லி ஒரு கட்சிக்காரர் கேட்பார். உண்மை என்று தெரிந்தும் அப்படி வாதாடலாமா? நான் கேட்ட வழக்கறிஞர்களில் ஜார்ஜ்டவுனில் தொழில் செய்யும் ஒரு பெரியவர் மட்டும் தயங்காமல் பதில் சொன்னார். "மூல போனைக் கொண்டுவா என்பேன். கொண்டுவரவில்லை என்றால் வேறு லோயரைப் பார்த்துக்கொள் என்பேன்." எல்லாராலும் அப்படிச் சொல்ல முடியாது. அவருக்கு நாற்பது ஆண்டுத் தொழில், வீட்டுக் கடன் முடிந்துவிட்டது.

டிக்டாக்கில் சட்டம் சொல்லும் வழக்கறிஞர்களைப் பற்றியும் எழுத நினைத்தேன். விளம்பரத்துக்கு 2001-இலேயே விதிகள் இருக்கின்றன, ஒரு நிமிடக் காணொளிக்குக் கீழே தன் குடும்பக் கதையை எல்லாரும் பார்க்கும்படி எழுதுகிறவர்களுக்கு விதி எதுவும் இல்லை. இதோடு விடுகிறேன். அது தனிக் கட்டுரை.

எங்கள் கதைக்கு வருகிறேன். வழக்கறிஞர் ஒழுங்கு வாரியத்தில் புகார் கொடுக்கலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். படிவத்தைக்கூடப் பதிவிறக்கம் செய்துவிட்டேன். அம்மா மறுத்துவிட்டார். "அந்தக் கிராணிப் பொண்ணுக்கு வேலை போயிடும் பாப்பா. அதுக்கும் வீட்டுல வயசான அம்மா இருக்கு." புகார் வழக்கறிஞர் மீதுதான், அந்தப் பெண் மீது இல்லை என்று எவ்வளவு விளக்கினாலும் அவர் கேட்கவில்லை. புகார் பெரியவரிடம் போனால் அடி சின்னவருக்கு விழும் என்பது தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவருக்குத் தெரியாதா? எனக்கும் அம்மாவுக்கும் இதில் இன்றைக்கும் ஒத்துப்போகவில்லை. அலுவலகத்தில் இரண்டு குழுக்களையும் கலைத்துவிட்டதாகவும், இனி கட்சிக்காரரின் செய்தியை யாரும் யாருக்கும் தள்ளிவிடக்கூடாது என்று சொல்லியிருப்பதாகவும் வழக்கறிஞர் என்னிடம் சொன்னார். கட்டணத்தில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்டார். அதை அம்மாவிடம் நேரில் வந்து கேட்டிருக்கலாம்.

120,000-க்கே கையெழுத்துப் போட்டோம்.

பணத்தைவிட பெரிய ஒன்று என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது அந்த வட்டிக்காரன் விஷயம். அப்பாவின் திதிக்கு பெரியப்பா வந்திருந்தார். சாப்பிட்டு முடித்து, கை கழுவிக்கொண்டே, அம்மாவுக்குக் கேட்காத தூரத்தில் என்னிடம் சொன்னார். "உங்கப்பன் என்கிட்ட கேட்டிருக்கலாம்மா. நான் இல்லன்னா சொல்லியிருப்பேன்?" அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் அப்பாவைப் பற்றிப் பேசும்போது முன்பு இருந்த ஒரு துள்ளல் இல்லை. அம்மா கட்டிக் காப்பாற்றியது அதைத்தான்.

போன மாதம் அம்மா உயில் எழுத வேண்டும் என்றார். வேறொரு வழக்கறிஞர். நான் காரில் அழைத்துப்போனேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் அம்மா கைப்பையைத் திறக்கவில்லை, ஆவணங்களை எடுக்கவில்லை. மேசை மேல் கிடந்த வழக்கறிஞரின் கைப்பேசியைக் காட்டி, "கோவிச்சுக்காதீங்க சார். நான் உங்ககிட்ட சொல்றது இதுல வருமா? வந்தா யாரெல்லாம் பார்ப்பாங்க?" என்று கேட்டார்.

அவர் முதலில் சிரித்தார். அம்மா சிரிக்காததைப் பார்த்துவிட்டு, போனை எடுத்து, எதில் என்ன இருக்கிறது, யாருக்கு எது தெரியும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். இருபது நிமிடம் ஆனது. நான் வெளியே போய் நிற்கட்டுமா என்று கேட்டேன். "ஆமா பாப்பா, நீ வெளிய இரு" என்றார் அம்மா.